மூடப்பட்ட மலையேற்றக் கருவிக் கடை: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மலைநடை, பாறையேற்றம், முகாம் ஆகியவற்றுக்கு வேண்டிய கருவிகளை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் விற்றுவந்த ஒரு தனிக்கடை மூடப்பட்ட விதத்தை இங்கே பதிவுசெய்கிறேன். கடையின் உரிமையாளர், பழுதுபார்க்கும் மேசையில் இருந்த மூத்த பணியாளர், இரண்டு விற்பனையாளர்கள், அந்தக் கடையை நம்பியே இயங்கிய ஒரு மலையேற்றக் குழு ஆகியோர் இதில் வருகிறார்கள். நான் அந்தக் குழுவின் உறுப்பினன். கடையை மூடும் மாதங்களில் சரக்குக் கணக்கெடுப்புக்கும் வாடகைக் கருவிகளைச் சோதிப்பதற்கும் உதவும்படி உரிமையாளர் எங்களில் சிலரைக் கேட்டுக்கொண்டார். அவ்வகையில் முடிவுகள் எடுக்கப்பட்டபோது உடனிருந்தேன்.

கடை மூன்று வேலைகளைச் செய்தது: விற்பது, வாடகைக்குக் கொடுப்பது, பழுதுபார்ப்பது. கணக்குப் புத்தகத்தில் முதல் வேலைதான் பெரிதாகத் தெரியும். மக்கள் அந்தக் கடையை நேசித்ததற்குக் காரணம் மற்ற இரண்டும், விற்பனையோடு சேர்ந்து வந்த அறிவுரையும்தான்.

பூட்ஸ் கேட்டு வருபவரை உரிமையாளர் முதலில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றச் சொல்வார். பிறகு நிற்கவைத்து இரண்டு கால்களையும் தனித்தனியாக அளப்பார். நிற்கும்போது உடல் எடை இறங்கிப் பாதம் நீண்டு அகலும், பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். காலையில் வந்தவரை, முடிந்தால் மாலையில் வரச் சொல்வார், ஏனெனில் நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்கு அணியும் தடித்த காலுறையுடன் பூட்ஸை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி, மூலையில் இருந்த சாய்வுப் பலகையில் ஏறி இறங்கச் செய்வார். இறங்கும்போது விரல் நுனி முன்பக்கத்தில் இடித்தாலோ, ஏறும்போது குதிகால் மேலெழும்பினாலோ அந்த ஜோடி அலமாரிக்குத் திரும்பிவிடும். பொருந்திய அளவையும், கால் மேட்டின் உயரத்தையும், எந்த இடத்தில் அழுத்தம் வந்தது என்பதையும் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்வார். அடுத்த முறை அதே ஆள் வந்தால் அந்த அட்டையிலிருந்துதான் பேச்சு தொடங்கும்.

## கடைசி ஆண்டுகளில் காணப்பட்டவை

கடை ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. இத்தொழிலில் அடுத்த பருவத்துக்கான உடைகளுக்கும் கூடாரங்களுக்கும் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். எதிர்பார்த்த குளிர் வராவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய கனத்த ஜாக்கெட்டுகள் அடுத்த ஆண்டுவரை அலமாரியில் தூங்கும். அதற்குள் தயாரிப்பாளர் புது நிறத்தில் புது மாதிரியை இறக்கிவிடுவார், பழையதை முதலுக்கே விற்க வேண்டியதாகிவிடும். அதே தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளத்தில் நேரடியாக விற்கவும், பருவம் முடியும் முன்பே அங்கே தள்ளுபடி அறிவிக்கவும் தொடங்கியபின், சிறிய கடைக்கு இருந்த லாப இடைவெளி இன்னும் சுருங்கியது.

சாய்வுப் பலகையில் ஏறி இறங்கி, அளவைக் குறித்துக்கொண்டு, அதே பூட்ஸை இணையத்தில் வாங்கியவர்கள் பலர். அவர்களில் சிலர் அது நழுவுகிறது, காலைக் கடிக்கிறது என்று சொல்லி அதே பூட்ஸுடன் கடைக்கே திரும்பி வந்தார்கள். உரிமையாளர் அவர்களுக்கும் கயிறு கட்டும் முறையை மாற்றிக் கட்டிக் காட்டினார். கால் அளவு பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கி, இங்கே பொருள் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர்கள் பலமுறை சொல்லியும் அவர் ஏற்கவில்லை. கட்டணத்துக்குப் பயந்து அளவு பார்க்காமலே பூட்ஸ் வாங்கிப்போகிறவர் மலையில் கஷ்டப்படுவார் என்பதே அவர் காரணம். வியாபாரக் கணக்கில் அது பலவீனமான காரணம்தான். ஆனால் அந்தக் கடை என்னவாக இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது என்று நினைக்கிறேன்.

இந்த நிலையில் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் கட்டத்துக்கு வந்தது. உரிமையாளருக்கு வயதாகியிருந்தது, முழங்கால் வலியும் இருந்தது. கையில் இருக்கும் பணம் எல்லாக் கடன்களையும் தீர்க்கப் போதும், இன்னும் இரண்டு மோசமான பருவங்கள் வந்தால் போதாது என்று கணக்கர் சொன்னார். முடிவை விரைவுபடுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான்.

## பரிசீலிக்கப்பட்ட வழிகள்

முதலில் எழுந்தது கூட்டுறவு யோசனை. இத்தொழிலில் அதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி உண்டு: நல்ல பனிக்கோடரியை நியாயமான விலைக்கு வாங்கத் தேடிய லாயிட், மேரி ஆண்டர்சன் தம்பதியர் 1938-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நண்பர்களுடன் தொடங்கிய ஆர்.இ.ஐ. கூட்டுறவு இன்றும் பெரிய நிறுவனமாக நிற்கிறது. எதிர்முன்மாதிரியும் உண்டு: 1971-இல் கனடாவின் வான்கூவரில் மலையேற்றக்காரர்கள் தொடங்கிய எம்.இ.சி. கூட்டுறவு, நிதி நெருக்கடியில் சிக்கி 2020-இல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எங்கள் குழுவில் இரண்டையும் வைத்து நீண்ட விவாதம் நடந்தது. உறுப்பினர் பலர் சிறிய பங்கு போடத் தயாராக இருந்தார்கள். அடுத்த பருவத்துக்கான ஆர்டருக்குத் தன் பெயரில் பொறுப்பேற்கவும், வாரம் முழுவதும் கடையில் நிற்கவும் எவரும் முன்வரவில்லை. அன்பு மட்டும் சரக்குக்கு முன்பணம் ஆகாது என்பதை அந்தக் கூட்டமே உணர்த்தியது, யோசனை கைவிடப்பட்டது.

ஒரு பெரிய சங்கிலிக் கடைக்குப் பெயரோடு விற்கும் வாய்ப்பும் வந்தது. அவர்களுக்குப் பெயரும் வாடிக்கையாளர் பட்டியலும் வேண்டியிருந்தன, பழுதுபார்க்கும் மேசை வேண்டியிருக்கவில்லை. உரிமையாளர் மறுத்துவிட்டார். இடத்தைச் சுருக்கிக்கொண்டு பழுதுபார்ப்பை மட்டும் தொடர்வது மூன்றாவது வழி. மூத்த பணியாளர் அதற்கு ஆசைப்பட்டாலும், அந்த வருமானம் ஒருவருக்குக்கூடப் போதாது என்று கணக்கு சொன்னது. எனவே எல்லோருக்கும் தரவேண்டியதைத் தந்துவிட்டு மூடுவது என முடிவாயிற்று.

## அறிவித்த வரிசை

யாருக்கு முதலில் சொல்வது என்பதில் உரிமையாளர் மிகுந்த கவனம் காட்டினார். பணியாளர்களுக்கு முதலில் சொல்லப்பட்டது. கடைசி நாள்வரை இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதும் அன்றே எழுத்தில் தரப்பட்டது. அடுத்து, பழுதுபார்க்கப் பொருள் கொடுத்திருந்தவர்கள், முன்பணம் கட்டியவர்கள், பரிசுக் கூப்பன் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குத் தனித்தனியாகத் தகவல் போயிற்று. பொது அறிவிப்பு அதற்குப் பிறகே கதவில் ஒட்டப்பட்டது.

ஒரு கடை கடனில் மூழ்கி மூடும்போது கூப்பன் வைத்திருப்பவர், கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் நிற்க நேர்கிறது, பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. இங்கே கடை கையில் பணம் இருக்கும்போதே மூடப்பட்டதால், தள்ளுபடி தொடங்குமுன் எல்லாக் கூப்பன்களையும் முழு மதிப்புக்கு ஏற்க முடிந்தது. மூடல் விற்பனையை நடத்தித்தரும் வெளி நிறுவனத்தை அமர்த்துவதும் தவிர்க்கப்பட்டது. அத்தகையோர் வெளியிலிருந்து மலிவுச் சரக்கைக் கொண்டுவந்து அதே பெயரில் விற்பதுண்டு. தன் கடையின் பெயர்ப்பலகையின் கீழ் தான் சோதிக்காத பொருள் போகக்கூடாது என்பதில் உரிமையாளர் உறுதியாக இருந்தார்.

## தள்ளுபடி நாட்களில் கண்டவை

அறிவிப்பு வந்த வாரத்தில் கூட்டம் அலைமோதியது. பல ஆண்டுகளாக வராதவர்கள் வந்து, இந்தக் கடை இல்லாமல் என்ன செய்வோம் என்று உண்மையான வருத்தத்துடன் சொன்னார்கள். அதே கூட்டத்தில், அளவு பொருந்தாத பூட்ஸை விலை குறைவு என்பதற்காகவே எடுத்தவர்களும் இருந்தார்கள். மூன்றாம் நாளில் ஒரு விதி எழுதி ஒட்டப்பட்டது: சாய்வுப் பலகையில் ஏறி இறங்காத எவருக்கும் பூட்ஸ் விற்கப்படாது, தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும். வரிசை நீண்டது, சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், விதி கடைசிவரை மாறவில்லை.

கிடங்கின் பின்வரிசையில் பெட்டி பிரிக்காத சில பழைய பூட்ஸ்கள் கிடைத்தன. பார்வைக்குப் புத்தம் புதியவை. மூத்த பணியாளர் ஒன்றை எடுத்து, அடிப்பாகத்துக்கும் மேற்பாகத்துக்கும் நடுவிலுள்ள மெத்தை அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது ரொட்டித்தூள்போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதையும். அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் இது நேரும், சொல்லப்போனால் அவ்வப்போது அணிந்து நடப்பவற்றைவிடச் சும்மா கிடப்பவற்றில் இது எதிர்பாராமல் வெளிப்படும். தேய்ந்த ரப்பர் அடியை மாற்றிவிடலாம். நடு அடுக்கு உதிர்ந்த பூட்ஸ், மலைப்பாதையின் பாதியில் அடியைக் கழற்றிவிட்டுவிடும். அந்த வரிசை முழுவதும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பழைய வாடகைக் கூடாரங்களில் சிலவும் இதே வேதிவினையால் தரைத்துணி பிசுபிசுத்து, புளித்த வாடையுடன் இருந்தன, அவையும் நீக்கப்பட்டன.

உறக்கப்பைகளில் வேறு சிக்கல். அவற்றின் முகப்பில் அச்சிட்ட ஒற்றை வெப்பநிலையை மட்டும் பார்த்து மக்கள் அள்ளினார்கள். ஐரோப்பியத் தரநிலையும் அதன் வழிவந்த ஐ.எஸ்.ஓ. 23537 தரநிலையும் வசதியாக உறங்கக்கூடிய வசதி வெப்பநிலை, குளிரைச் சமாளித்து உறங்கக்கூடிய எல்லை வெப்பநிலை என்று தனித்தனியாகக் குறிக்கின்றன. முகப்பில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் விற்பனைக்குச் சாதகமான எண். இளைய விற்பனையாளர் ஒவ்வொரு பையிலும் வசதி வெப்பநிலையைச் சீட்டில் எழுதிக் கட்டினார். விற்பனை சற்றுக் குறைந்தது. அந்தச் சீட்டைப் பார்த்து இரண்டு பைகளைத் திருப்பி வைத்துவிட்டு, தன் பழைய பையையே சலவைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்ன ஒரு பெண்மணியிடம் உரிமையாளர், "அதுதான் சரி, சுருட்டி அடைக்காமல் தொங்கவிட்டு வையுங்கள்" என்றார். கடையை மூடுவதற்கு நான்கு நாள் முன்பு நடந்தது இது.

## வாடகைக் கயிறுகள் பற்றிய முடிவு

எல்லாவற்றிலும் கடுமையான கருத்து வேறுபாடு இதில்தான் எழுந்தது. கடையின் வாடகைப் பிரிவில் பாறையேற்றக் கயிறுகள், இடுப்பில் கட்டும் ஹார்னஸ்கள், ஹெல்மெட்டுகள், கயிற்றை மாட்டும், வாய் திறந்துமூடும் உலோக வளையங்களான கராபினர்கள் இருந்தன. இளைஞர்களுக்கு மலையேற்றம் கற்பிக்கும் ஓர் அமைப்பின் பொறுப்பாளர், இவை அனைத்தையும் தங்களுக்கு நன்கொடையாகத் தரும்படி கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்களிடம் பணம் இல்லை, கயிறுகள் கண்ணுக்கு நன்றாக இருந்தன, குப்பைக்குப் போவதைவிட பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று குழுவிலும் பாதிப்பேர் சொன்னார்கள்.

கயிற்றின் நிலையைக் கண்ணால் மட்டும் அறிய முடியாது என்பதே எதிர்வாதம். பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் தரநிலைப்படி ஒற்றைக் கயிறு, 80 கிலோ எடையைத் தாங்கிக் குறைந்தது 5 கடுமையான வீழ்ச்சிகளை அறுபடாமல் தாண்ட வேண்டும். அது புதிய கயிற்றுக்கான சோதனை. பயன்பாடும் வெயிலும் மணலும் அந்தத் தாங்குதிறனைக் குறைத்துக்கொண்டே போகின்றன. ஒருபோதும் பயன்படுத்தாத கயிற்றுக்கும் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டு உச்சவரம்பு விதிக்கிறார்கள். வாகன பேட்டரியின் அமிலம் பட்டால், வெளியே ஒரு தடயமும் இல்லாமலே நைலான் வலுவிழந்துவிடும். எனவே கயிற்றின் பாதுகாப்பு பாதி அதன் இழைகளிலும் மீதி அதன் பதிவேட்டிலும் இருக்கிறது: எப்போது வாங்கியது, யார் எடுத்துப்போனார்கள், எத்தனை வீழ்ச்சி, யார் சோதித்தார்கள்.

பதிவேட்டை எடுத்துவந்து ஒவ்வொரு கயிற்றையும் நாங்கள் ஒப்பிட்டோம். மூத்த பணியாளர் கயிற்றை முழம் முழமாக விரல்களுக்கிடையே ஓட்டி, உள்ளே மெலிந்தோ தட்டையாகவோ இருக்கும் இடங்களைத் தேடினார். சந்தேகப்பட்ட இடத்தில் மடித்துப் பார்த்து, வளைவு கூர்மையாக ஒடிந்தால் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். குறியே விழாத கயிறுகளும் இருந்தன. அவற்றிலும் சிலவற்றுக்கு வாடகைக்காரர் திருப்பித் தந்த நாள் மட்டும் எழுதியிருந்தது, இடையில் என்ன நடந்தது என்பது எழுதப்படவில்லை.

முடிவு இவ்வாறு எடுக்கப்பட்டது. உயிரைத் தாங்கும் துணிக்கருவிகள், அதாவது வாடகைக் கயிறுகளும் ஹார்னஸ்களும் பட்டைகளும், எவருக்கும் விற்கப்படவோ கொடுக்கப்படவோ மாட்டா. கயிறுகளைக் கைநீளத் துண்டுகளாக வெட்டி, முடிச்சுப் பயிற்சிக்கு மட்டும் இளைஞர் அமைப்புக்குத் தருவது. முழுநீளத்தில் தந்தால் என்றோ ஒருநாள் யாரோ அதில் ஏறுவார்கள். ஹெல்மெட்டுகளின் தாடைப்பட்டைகளை அறுத்துவிடுவது. உலோகக் கராபினர்களில், பதிவு தெளிவாக இருந்து, பள்ளமோ வாய்க்கோளாறோ இல்லாதவற்றை மட்டும் தருவது. கூடாரங்கள், முதுகுப்பைகள், உறக்கப்பைகள், நடைக்கோல்கள், சமையல் அடுப்புகள் ஆகியவற்றில் நல்லவை அனைத்தையும் அதே அமைப்புக்கு இலவசமாகத் தருவது. இவை பழுதானால் ஓர் இரவு சிரமப்படலாம், எவரும் கீழே விழமாட்டார்கள்.

கடை இருந்தவரை அந்தக் கயிறுகளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார், மூடிய மறுநாள் அவர் இருக்கமாட்டார் என்பதே உரிமையாளர் சொன்ன காரணம். இளைஞர் அமைப்பின் பொறுப்பாளர் அன்று வருத்தத்துடன்தான் போனார். இந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

## பழுதுபார்க்கும் மேசையும் அட்டைகளும்

கடைசி மாதத்தில் மேசையில் இருந்த அறிவை எப்படிக் காப்பது என்ற கேள்வி வந்தது. மூத்த பணியாளருக்கு எழுதும் பழக்கம் இல்லை, செய்துகாட்டினால்தான் சொல்ல வரும். குழுவின் இரண்டு இளையவர்கள் வாரத்தில் இரண்டு மாலை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜிப் விரிந்துபோனால் பெரும்பாலும் பல்வரிசையில் குறை இராது, ஓடும் தலைதான் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும் என்பது முதல் பாடம். சிலிக்கான் பூசிய துணியின் தையலுக்குச் சிலிக்கான் பசையே ஒட்டும், பாலியூரித்தேன் பூசியதற்குப் பாலியூரித்தேன் பசை. மாற்றிப் போட்டால் ஒரே மழையில் உரிந்துவரும். கூடாரக் கம்பிக்குள் ஓடும் மீள்கயிற்றை மாற்றும்போது எவ்வளவு இழுத்து முடிச்சிடுவது என்பதை அவர் கையால் காட்டினாரே தவிர அளவாகச் சொல்லவில்லை. இளையவர்கள் இழுத்துப் பார்த்தே பழகினார்கள். கனத்த தையல் இயந்திரத்தைக் குழு விலைக்கு வாங்கிக்கொண்டது.

கால் அளவு அட்டைகளைக் குழுவிடமே ஒப்படைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவை மக்களின் உடல் பற்றிய குறிப்புகள், கடையை நம்பித் தந்தவை என்பதால், உரியவர்களிடமே தருவது என முடிவாயிற்று. கதவருகே ஒரு மேசை போட்டு அகரவரிசையில் அடுக்கினார்கள். கேட்டு வராதவர்களின் அட்டைகள் கடைசி நாளன்று கிழிக்கப்பட்டன.

## விடைபெற்ற மாலை

கடைசி விற்பனை நாளின் மாலை, அலமாரிகள் காலியான அறையில் எல்லோரும் கூடினோம். பேச்சுகள் சுருக்கமாக இருந்தன. தன் முதல் முதுகுப்பையை இங்கே வாங்கியவர், தன் மகளுக்கும் இங்கேயே வாங்கியதாகச் சொன்னார். பணியாளர்களுக்கு நன்றி சொல்லும்போது உரிமையாளருக்குக் குரல் நின்றுவிட்டது. மூத்த பணியாளர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

## பின்னர் நடந்தவை

எல்லாக் கடன்களும் தீர்ந்தன. விற்பனையாளர்களில் ஒருவர் வேறு துறைக்குப் போனார், இன்னொருவர் மலை வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தார். குழுவின் அறையில் தையல் இயந்திரம் மாதம் ஒருமுறை இயங்குகிறது. ஜிப், தையல், கம்பி வேலைகள் நடக்கின்றன, பூட்ஸ் வேலை நடப்பதில்லை. இளைஞர் அமைப்பு, கிடைத்த கூடாரங்களால் முகாம் செலவில் மிச்சமான பணத்தைக் கொண்டு புதிய கயிறுகள் வாங்கி, அவற்றுக்கு முதல் நாளிலிருந்தே பதிவேடு தொடங்கியது. அந்தப் பதிவேட்டின் கட்டங்கள் கடையின் பதிவேட்டைப் பார்த்து வரையப்பட்டவை. கூடுதலாக, திருப்பித் தருபவர் வீழ்ச்சிகளை எழுதிக் கையெழுத்திடும் கட்டம் ஒன்றும் இருக்கிறது.

## இனி ஒரு கடை மூடும்போது மாற்ற வேண்டியவை

பழுதுபார்ப்பைக் கற்றுக்கொடுப்பது தள்ளுபடிக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். விற்பனை நாட்களின் நெரிசலில் மூத்த பணியாளரின் மாலைகள் பல கல்லாவுக்குப் போய்விட்டன. பூட்ஸின் அடிப்பாகத்தை ஒட்டும் வேலை கற்றுத்தரப்படாமலே நின்றதற்குக் காரணம் அதுதான். விடைபெறும் கூட்டத்தையும் அலமாரிகள் நிறைந்திருக்கும்போதே நடத்தலாம். வாடகைக் கருவிகள் என்னவாகும் என்பதைப் பொது அறிவிப்பிலேயே எழுதிவிட்டால், நன்கொடை கேட்டு வருபவர் நம்பிக்கையோடு வந்து ஏமாற நேராது. கூப்பன்களை முதலில் தீர்ப்பது, பணியாளர்களுக்கு முதலில் சொல்வது, வெளிச்சரக்கை அனுமதிக்காதது ஆகிய மூன்றையும் அப்படியே பின்பற்றலாம்.

கால் அளவு பார்க்கும் திறனுக்கு மட்டும் இன்னும் மாற்று அமையவில்லை. சாய்வுப் பலகை குழுவின் அறையில் இருக்கிறது. வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்த விற்பனையாளர் ஊரில் இருக்கும் மாதங்களில் மாலை நேரத்தில் வந்து, எங்கே வாங்கிய பூட்ஸாக இருந்தாலும் அணியச் செய்து பார்த்துச் சொல்கிறார். கட்டணம் வாங்குவதில்லை.